பித்ரா அரிசிக்குள் ஒரு லென்ஸ்

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அதன் பின்வாங்கில் எங்கள் சந்தை கூடும். சந்தை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். ஒருவர் கமெராவோடு வருவார், ஒருவர் கமெரா இல்லாமல் லென்ஸோடு வருவார், இன்னொருவர் இரண்டும் இல்லாமல் வாயோடு மட்டும் வருவார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நான் முதல் வருடம் முழுக்க வாயோடு மட்டும்தான் போய் வந்தேன்.

பழைய லென்ஸ்கள் எங்கள் கரைக்கு இரண்டு வழியாக வந்தன. சூறாவளி ஒரு வழி. அது அடித்துப் போனபின் ஊரில் தென்னை நின்ற இடமெல்லாம் வானம் தெரிந்தது. கல்முனை ஸ்டூடியோ ஒன்றின் கூரை பறந்து, உள்ளே இருந்த சாமான்களெல்லாம் இரண்டு நாள் மழையில் கிடந்தன. ஸ்டூடியோக்காரர் ஒரு மெதடிஸ்ட் கிறிஸ்தவர், எதையும் எறிய மனம் வராதவர். நனைந்த லென்ஸ்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மேசைக்குக் கீழே வைத்திருந்தார். கெஞ்சினால் தருவார், ஆனால் பதிலுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும். இரண்டாவது வழி சவூதி. அப்போதுதான் எங்கள் ஊர் ஆண்கள் கப்பல் கப்பலாகப் போய், லீவுக்கு வரும்போது கழுத்தில் கமெரா தொங்க வரத் தொடங்கியிருந்தார்கள். பாதிப் பேருக்கு அதை எப்படித் திறப்பது என்று தெரியாது. அதைத் திறந்து காட்டுகிற ஆள் என்ற பெயரில்தான் நான் இந்தப் பைத்தியத்துக்குள் நுழைந்தேன்.

சந்தையில் லென்ஸ் பார்க்கிற முறை ஒன்று இருந்தது. முதலில் காதுக்குக் கிட்டப் பிடித்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது ஆடினால் கேட்கும். பிறகு வளையத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் இரும்பு இலைகள் ஒட்டாமல் விரிந்து சுருங்குகின்றனவா என்று ஒரு பார்வை. கடைசியாக வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே இறங்குவது. குறையைக் கொண்டுவந்தவன் சொல்ல மாட்டான். பார்க்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் சாமானின் மதிப்பு இறங்கும், கண்டுபிடிக்காவிட்டால் அது அவன் கண்ணின் பாடு. இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைத்ததில்லை. கைமாறும் நேரத்தில் கடைசியாக இன்னொரு தடவை பார்க்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது.

நானே திருத்திய ஒரு ட்ரான்சிஸ்டர் றேடியோவை ஸ்டூடியோக்காரருக்குக் கொடுத்து, அவருடைய தகரத்திலிருந்து ஒரு நூற்று முப்பத்தைந்தை எடுத்தேன். நாங்கள் லென்ஸ்களை எண்ணால்தான் அழைப்போம், ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பது போல. நூற்று முப்பத்தைந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும். சவூதியிலிருந்து வந்த ஒருவர் எனக்கு விற்றுப்போன பழைய கமெராவில் அதைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடி ஒன்றில் ஏறி நின்றபோது காரைதீவுக் கோயில் மணிக்கூண்டில் இருந்த காகத்தின் மூக்கு தெரிந்தது. ஒரு மாதம் தரையில் கால் படாமல் திரிந்தேன்.

பிறகு கரைவலையைப் படம் பிடிக்கப் போனேன். அங்கேதான் மனம் கெட்டது.

கரைவலை எங்கள் கடலின் பெரிய காட்சி. தோணி வலையைப் பாய்ச்சிக்கொண்டு பெரிய அரைவட்டம் அடித்துக் கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நிற்கும் இரண்டு வரிசை ஆட்கள் பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். என்னோடு படித்த கூட்டாளி ஒருவனின் வாப்பாவுக்கு ஒரு தோணி சொந்தம். அதனால் கயிற்றுக்குக் கிட்டப் போய் நிற்க எனக்குத் தடை இல்லை. ஆனால் என் லென்ஸுக்குள் ஒருவன்தான் வந்தான். ஒருவனுடைய முதுகு, அதில் வழியும் வேர்வை, இடுப்பில் இறுகிய கயிறு. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு முன்னால் இருபது பேர் இழுப்பது அதில் இல்லை, எதை இழுக்கிறான் என்பதும் இல்லை. கூட்டாளி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், இவன் கக்கூசுக்கு வாளி கொண்டு போற மாதிரி இரிக்கிடா."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. என் காலடியில் தொடங்கி தண்ணீர் வரைக்கும், அந்த முழு வரிசையும், கயிறும், தோணியும், கடலும் ஒரே படத்துக்குள் வர வேண்டும். அதற்கு அகலமாகப் பார்க்கிற லென்ஸ் வேண்டும். இருபத்தெட்டு. அது எங்கள் சந்தைக்கு வந்ததே இல்லை. தகரத்திலும் இல்லை.

அந்த வருட நோன்பில் அது வந்தது. பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் கல்யாணம் முடித்த ஒருவர் சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரைச் சவூதிக்காரர் என்றே சொன்னதால் நானும் அப்படியே சொல்கிறேன். நோன்பு இரவுத் தொழுகை தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கமெரா விளங்கின புள்ள நீங்கதானே? இந்தச் சாமான ஒருக்காப் பாருங்க. இத வித்தவன் எனக்கு நல்லா அல்வா தந்திட்டான்."

கையில் கமெரா, அதில் இருபத்தெட்டு. என் கமெராவுக்கும் அவருடைய கமெராவுக்கும் ஒரே திருகு.

"என்ன காக்கா கொற?" மூத்த ஆண்களைக் காக்கா என்பது எங்கள் வழக்கம்.

"கொறயா? வீட்டாக்கள நிக்க வெச்சி ஒரு படம் புடிச்சன். என்ட நாலு புள்ளைகளும் நாலு எறும்பு. நடுவில சீமெந்துத் தர. சுவரு ரெண்டும் உழப் போற மாதிரி. வீட்டுக்காரி கேக்கிறா, நாங்க எங்க, தரைக்கா படம் புடிச்சீங்க எண்டு."

எப்போதும் என் பையில் கிடக்கும் நூற்று முப்பத்தைந்தை எடுத்து அவருடைய கமெராவில் திருகிக் கொடுத்தேன். பள்ளி மினாராவின் உச்சியில் எரிந்த பல்பைப் பார்த்தார். "அல்லாவே!" என்றார். பல்பில் மொய்த்த பூச்சி தெரிகிறதாம். அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது. பெருநாளன்று தொழுகை முடிந்து சாப்பிட்டு, பின்நேரம் அவர் வீட்டில் மாற்றிக்கொள்வது. அதற்கு அடுத்த நாள் அவர் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார். அவருக்கு அது தெரியும், எனக்கும் அது தெரியும். இந்தப் பெருநாள் தப்பினால் இருபத்தெட்டும் போய்விடும்.

ஒரு சின்ன விஷயம் இருந்தது. என் நூற்று முப்பத்தைந்துக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியின் ஓரத்தில், சிலந்தி நூல் நாலைந்து கிளை விட்டது போல. படத்தில் அது தெரியாது. மாரியின் ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் எந்த லென்ஸுக்கும் அது வரும். ஆனால் அந்த நூல் மாதத்துக்கு மாதம் வளர்ந்துகொண்டிருந்தது. கைமாறும் நேரத்தில் அவர் உள்ளே பார்ப்பார் அல்லவா? அதற்குள் அது இன்னும் வளர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது. கல்முனை நூலகத்தில் கிடந்த அட்டை இல்லாத ஆங்கிலப் புகைப்படச் சஞ்சிகை ஒன்றில், காய்ந்த அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்று படித்திருந்தேன். அரிசிக்கா எங்கள் பக்கத்தில் பஞ்சம்?

உம்மாவிடம் அரிசிப் பானையைக் கேட்டேன்.

"சோத்தரிசிக்குள்ள இரும்பா? கொடல் கழுவுற மாதிரிக் கழுவி ஆக்குறன் நான். அந்தால போ மனே."

பெரிய அறையில் பெட்டிக்கு மேல் ஏழு பைகள் வரிசையாக இருந்தன. பித்ரா அரிசி. நோன்பு முடிந்து பெருநாள் தொழுகைக்கு முன், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு அளவு அரிசியை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். தொட்டில் பிள்ளைக்கும் உண்டு. உம்மா இதில் மிகக் கண்டிப்பு. சாப்பிடுகிற அரிசியை விட நல்ல அரிசியாக எடுத்து, கல் பொறுக்கி, கச்சான் காற்றில் பாயில் போட்டு இரண்டு தடவை காயவைத்து, மாச் சாக்குத் துணியில் தைத்த பைகளில் கட்டி வைத்துவிடுவா. எங்கள் வீட்டில் அதைவிடக் காய்ந்த அரிசி கிடையாது. பிறை காணும் வரைக்கும் யாரும் அதன் முடிச்சை அவிழ்க்கப் போவதும் இல்லை.

லென்ஸை ஒரு லேஞ்சிக் கைத்துணியில் சுற்றி, ஓரத்துப் பைக்குள் நடுவாகப் புதைத்து, உம்மா கட்டிய மாதிரியே கட்டிவிட்டேன். அன்று இருபத்தேழாம் நோன்பு. முப்பதாம் நோன்பு மதியம் லுஹர் தொழுகைக்கு எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை கண்டால் நோன்பு அத்தோடு முடியும், காணாவிட்டால்தான் முப்பது. அந்த வருடம் முப்பது நோன்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. முந்திய வருடம் இருபத்தொன்பது வந்ததால் இந்த வருடம் முப்பதுதான் என்று நானே முடிவெடுத்திருந்தேன். விஞ்ஞானப் பிரிவில் படித்தவன்!

இருபத்தொன்பதாம் நோன்பு பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிறை பார்க்க எல்லாரும் போனோம். எங்கள் ஊருக்குக் கடல் இருப்பது கிழக்கே, பிறை தெரிவது மேற்கே. கடற்கரைக்காரர்கள் நாங்கள் பிறைக்கு மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாவிதன்வெளிப் பக்கம் பார்த்து வயல் வட்டை வரம்பில் போய் நிற்போம். அறுப்புக்குக் கிட்டிய நெல்லின் மணம் அங்கே மூக்கை அடைக்கும். அன்று மேற்கே மேகம். கூட்டாளி என் கமெராவைப் பார்த்துக் கேட்டான்:

"எங்கடா ஒன்ட குழாய்? அதப் பூட்டிப் பார்த்தா பிறை கிட்ட வருமே."

"அது வீட்டில இரிக்கி. நீ சும்மா நில்லு, நாளைக்கும் நோன்புதான்."

நோன்பு திறந்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனேன், ஸ்டூடியோவில் ஒரு ரோல் பிலிம் சொல்லி வைத்திருந்தேன். பிலிமை வாங்கி அதை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டு நின்றபோது பட்டாசுச் சத்தம் கேட்டது. பக்கத்துக் கடை றேடியோவில் எங்கேயோ பிறை கண்டாகிவிட்டது என்று அறிவித்தார்கள். பள்ளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் எழும்பியது. நானும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் எனக்குப் பை ஞாபகம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் பெட்டிக்கு மேல் ஒன்றும் இல்லை. உம்மா வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தா.

"உம்மா, பெட்டிக்கு மேல இருந்த பைகள் எங்க?"

"பித்ராவா? குடுத்தாச்சி. பிறை கண்ட பிறகும் வெச்சிட்டா இரிப்பாங்க?"

"ஏழுமா?"

"ஒன்டத மட்டும் வெச்சிட்டுக் குடுக்கவா?"

"உம்மா, அதுல ஒரு பையில என்ட லென்ஸ் இருந்த."

முட்டை அடிக்கிற சத்தம் நின்றது.

"எனக்கு ஒரு சொல்லுச் செல்லிட்டு வெச்சிரிக்கலாமே மனே."

"செல்லியிருந்தா உடுவீங்களா?"

"உடமாட்டன்."

"அதான் செல்லல்ல."

உம்மாவுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. நான் விடவில்லை. யார் யாருக்குக் கொடுத்தீங்க என்று கேட்டேன். அதற்குத்தான் முகம் மாறியது.

"அத மட்டும் கேக்காத. குடுத்தது ஆருக்கெண்டு நான் ஒன்ட வாப்பாக்கும் செல்றல்ல."

"ஒரு வீட்ட மட்டும் செல்லுங்க, நான் மெல்லப் போய்..."

"போய்? பெருநாள் ராவுல வாசல்ல நின்டு என்னெண்டு கேப்பா? குடுத்த அரிசியக் கொட்டிக் காட்டுங்க எண்டா? ஏழு வீட்டிலயும் போய்க் கேக்கப் போறியா? அவங்களும் பெருநாள் கொண்டாடுற மனிசர்தான்."

அன்று இரவு முழுக்க, யாரோ ஒரு வீட்டில் என் லென்ஸ் அரிசியோடு உலையில் விழுவதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் குளித்து, புதுச் சாரன் உடுத்து, அத்தர் பூசி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சவூதிக்காரர் என்னைத் தூரத்திலேயே கண்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் படம் பிடிப்பது போல் கை காட்டினார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். குத்பாப் பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழும்பி ஆளை ஆள் கட்டிப்பிடிக்கத் தொடங்கிய நேரம், பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"ஒரு அறிவித்தல். கொஞ்சம் இரிங்க. ஒரு வீட்டுக்குக் கெடச்ச பித்ரா அரிசிக்குள்ள ஒரு சாமான் இருந்திரிக்கி. ஏழெட்டு வீட்டு அரிசிய ஒண்டாக் கொட்டின பிறகுதானாம் கண்டிரிக்காங்க. எந்த வீட்டுச் சாமானெண்டு அவங்களுக்குத் தெரியா. அல்லாட பள்ளியில ஒப்படச்சிட்டாங்க. உரிய ஆள் வந்து அடையாளம் செல்லி எடுக்கலாம்."

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். ஆனால் இப்படி ஓர் அறிவித்தலுக்கு எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போவார்கள்? முன்வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

"மோதினார், அது என்ட மாமிட பல்லுச் செட்டாயிரிக்கும்!"

"பல்லெண்டா அரிசி மிஞ்சியிருக்காதே!"

மோதினார் சிரிக்கவில்லை. லேஞ்சிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முன்னால் போய், "அது என்டது மோதினார். கமெரா லென்ஸ்" என்றேன்.

"அடையாளம்?"

"கறுப்பு நிறம்..."

"கறுப்பு நிறம், முன்னுக்கு வாய் அகலம், ஓரத்தில ஒரு கீறல்!" பின்னாலிருந்து கூட்டாளி கத்தினான். "என்டது மோதினார், எனக்குத் தாங்க!"

பெருநாள் பகிடி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் மோதினார் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இரண்டு பேர் கேட்டாகிவிட்டது. இனி அவர் சும்மா கொடுக்க மாட்டார்.

"வெளியால தெரியிறத கண்டவனெல்லாம் செல்லுவான். உரிமைக்காரனுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன? உள்ளுக்கு ஏதும் அடையாளம் இரிக்கா?"

உள்ளுக்கு அடையாளம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதே நேரம் என் தோளில் ஒரு கை விழுந்தது. "என்ன தம்பி, நம்மட சாமானா அரிசிக்குள்ள போன?" சவூதிக்காரர்தான், முகத்தில் அவ்வளவு அக்கறை.

மோதினாரின் காதுக்குக் கிட்டப் போனேன். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"காதுக்குள்ள செல்லாதீங்க தம்பி. பள்ளிக்கு வந்த சாமான். நாலு பேரு கேக்க வெளியாச் செல்லுங்க."

எங்கள் சந்தையில் குறையைக் கொண்டுவந்தவன் சொல்வதில்லை. பள்ளிவாசலில் சொல்லாமல் சாமான் இல்லை. இந்த இரண்டு சட்டமும் ஒரே ஆளின் தலையில் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தது உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உள்ளுக்கு... ரெண்டாவது கண்ணாடிட ஓரத்தில... பூஞ்சணம் புடிச்சிரிக்கி. சிலந்தி வல மாதிரி."

மோதினார் லேஞ்சியை அவிழ்த்தார். லென்ஸின் மேல் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தார். "ஒண்டும் தெரியல்லயே" என்றார். கூட்டம் என்னைப் பார்த்தது. கூட்டாளிக்கு இப்போதுதான் பயம் வந்தது. "மோதினார், நான் பகிடிக்குச் செல்லின, அது அவன்டதுதான்" என்று கெஞ்சத் தொடங்கினான். அது இனி எடுபடவில்லை. நானே காட்டித்தான் ஆக வேண்டும்.

"சும்மா பார்த்தா தெரியா. இஞ்ச தாங்க. இந்த வளையத்த முழுக்கத் தொறந்து, வெளிச்சத்துக்கு நேர வெச்சி, கொஞ்சம் சரிச்சி..."

மோதினாருக்கு அப்படியும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சவூதிக்காரரிடம் நீட்டினார். "நீங்க பாருங்க, சவூதியில நல்ல கண்ணாடியெல்லாம் பார்த்த ஆள்."

அவர் வாங்கி, நான் சொன்ன மாதிரியே திறந்து, சரித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே இறங்கினார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம். இரிக்கி. மயிர் மாதிரி நாலஞ்சி இழ."

"அப்ப இவர்டதான்" என்று மோதினார் லென்ஸை என் கையில் வைத்தார். கூட்டம் கலைந்தது. கூட்டாளி மெல்ல ஒரு தூணுக்குப் பின்னால் போனான்.

சவூதிக்காரர் போகவில்லை.

"இது படத்தில வருமா தம்பி?"

"வராது காக்கா. சத்தியமா வராது."

"வராதெண்டா ஏன் அவ்வளவு மெல்லச் செல்லினீங்க?"

நான் லென்ஸிலிருந்த தவிட்டைச் சாரனில் துடைத்தேன். அவர் கோபப்படவில்லை. யோசித்து யோசித்துத்தான் பேசினார்.

"இஞ்ச பாருங்க. நேத்து எனக்கு இது தெரியா. நேத்தெண்டா மாத்திட்டு சந்தோசமாப் போயிரிப்பன். இண்டைக்கு நீங்களே பாக்கக் காட்டித் தந்திட்டீங்க. இனி இதால எதப் பார்த்தாலும் நான் அதப் பாக்க மாட்டன், இந்த மயிரத்தான் தேடுவன். எனக்கு வேணாம்."

அவ்வளவுதான். இருபத்தெட்டு போய்விட்டது. புதுச் சாரனோடு பள்ளி முற்றத்தில் நான் நின்ற கோலம் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"அந்த எறும்புச் சாமான் உங்களுக்கு எதுக்குத்தான் இவ்வளவு அவசரம்?"

கரைவலையைப் பற்றிச் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன். வரிசை, கயிறு, தோணி, கடல், என் காலடியிலிருந்து தண்ணீர் வரைக்கும் என்று கையால் முற்றத்தில் கோடு கீறிக் காட்டினேன். அவர் அந்தக் கோட்டை மிதிக்காமல் தள்ளி நின்றார்.

"வீட்ட வந்து எடுத்துட்டுப் போங்க. வச்சிப் புடிச்சிட்டு இண்டைக்கு மஃரிபுக்குக் கொண்டு தாங்க. நாளைக்கு நான் வெளிக்கிடணும்."

வட்டிலப்பத்தை நான் மென்றேனா விழுங்கினேனா தெரியாது. இருபத்தெட்டைப் பூட்டிக்கொண்டு கூட்டாளியின் வீட்டுக்கு ஓடினேன். அவன் இன்னும் குற்ற உணர்ச்சியில் இருந்தான், எதைக் கேட்டாலும் செய்கிற நிலை.

"மச்சான், கரைவல எத்தின மணிக்கு?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "பெருநாளைக்கு எவன்டா வல போடுவான்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மீன் காலத்தில் இரண்டு பெருநாளுக்கு மட்டும்தான் எங்கள் கரையில் வலை இறங்காது. அதில் ஒரு நாளில்தான் என் கையில் இருபத்தெட்டு இருந்தது.

இருந்தாலும் கடற்கரைக்குப் போனோம். பெருநாள் பின்நேரம் ஊரே அங்கேதான் இருக்கும். ஐஸ்பழக்காரன் மணியும், பிள்ளைகளின் ஊதுகுழலும், ஓரமாகக் குடை பிடித்து நிற்கும் பெண்களும். தோணி மரக்கட்டைகளின் மேல் ஏற்றிக் கிடந்தது. தோணியை நடத்துகிற தண்டயல் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு அதில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இழுக்கிற ஆட்களும் அங்கங்கே நின்றார்கள். வெறும் மேலோடு பார்த்துப் பழகிய ஆட்கள், சட்டை போட்டிருந்ததால் எனக்குப் பாதிப் பேரை அடையாளமே தெரியவில்லை.

கூட்டாளி ஒரு தோணிக் கொம்பில் ஏறி நின்று கத்தினான். "படம் புடிக்கப் போறாங்க! கையிறு இழுக்கிற மாதிரி எல்லாரும் வாங்க!"

"பெருநாள் உடுப்போடயா? பைத்தியமா ஒனக்கு?" தண்டயல் அசையவில்லை. ஆனால் படம் என்ற சொல்லுக்கு ஊரில் யார் அசையாமல் இருந்தார்கள்? கயிற்றின் ஒரு நுனியைத் தோணியின் மூக்கில் கட்டினார்கள். இழுக்கிற ஆட்கள் பிடித்தார்கள், பிறகு அவர்களுடைய தம்பிமார், பிறகு ஐஸ்பழக்காரன். சவூதிக்காரர் பிள்ளைகளோடு வந்திருந்தவர், பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டுத் தூரத்து நுனிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டார். தண்டயலுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"படத்துக்கெண்டாலும் கையிறப் புடிக்கிற மாதிரிப் புடிங்கடா! காலக் குத்து! இடுப்பக் குடு! நீ என்ன, ஆட்டுக்குட்டியா இழுத்துட்டுப் போறா?"

நான் கயிற்றுக்குப் பக்கத்தில், அது என் சாரனில் உரசுகிற அளவுக்குக் கிட்ட மண்டியிட்டேன். கண்ணை வைத்தேன். எல்லாம் இருந்தது. முதல் ஆளின் விரல் மொழியிலிருந்து கடைசி ஆளின் தொப்பி வரைக்கும், தோணி, அதற்குப் பின்னால் கடல், இரண்டு பக்கமும் மிச்சம் வானம். "இழுங்க!" என்று கத்தினேன்.

இழுத்தார்கள். யாரும் எதிர்பாராதபடி தோணி நகர்ந்தது. கட்டைகள் உருண்டன, கயிறு தளர்ந்தது, முழு வரிசையும் ஒருவர் மடியில் ஒருவராகப் பெருநாள் உடுப்போடு மணலில் உட்கார்ந்தது. அந்த நொடியில் என் விரல் தானாக அமுங்கிவிட்டது.

அந்த ஒரு படம்தான் உருப்படியாக வந்தது. இப்போது படிக்க வந்த ஊரில், என் அறைச் சுவரில் அதைக் குத்தி வைத்திருக்கிறேன். நான் கனவு கண்ட கரைவலைப் படம் இதுவல்ல. வேர்வை இல்லை, மீன் இல்லை, வலையே இல்லை. முப்பது நாற்பது பேர் வாய் பிளந்து சிரித்துக்கொண்டு விழுந்து கிடக்கிறார்கள். தண்டயல் மட்டும் நிமிர்ந்து நின்று தலையில் கை வைத்திருக்கிறார். அன்று பொழுதுபட, மஃரிபுக்கு முன், இருபத்தெட்டைத் துடைத்துச் சவூதிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வளையத்தைத் திறந்து, கொஞ்சம் சரித்து உள்ளே பார்த்தார். நான் காட்டிக் கொடுத்த மாதிரியே. "ஒண்டுமில்ல" என்று எனக்குக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த நாள் போய்விட்டார்.

அதற்கடுத்த கிழமை நூற்று முப்பத்தைந்தோடு மறுபடியும் கடற்கரைக்குப் போனேன். வேறு என்ன செய்வது? வலை கடலில் இருந்தது, இரண்டு வரிசையும் இழுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் முன்னால் நின்றவர் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு மாதிரி எல்லாரையும் புடிங்க. இண்டைக்கு உழ மாட்டம்."

"இதால ஏலா காக்கா. இதுல ஒராள்தான் புடிபடும்."

"ஒராளா? அப்ப ஆர?"

"நான்தான் முன்னுக்கு நிக்கிறன்."

"நீ போன மாசம் வந்த ஆள். பதினஞ்சி வருசமா இழுக்கிறன், என்னப் புடிங்க தம்பி."

"ஒன்ட மூஞ்சிக்கு அந்தப் பெரிய குழாயா?"

"கையிற இழுங்கடா!" என்று தண்டயல் கத்தினார். பிறகு சட்டை போடாத நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்குப் பக்கவாட்டில் முகத்தைக் காட்டி நின்றார்.

அவர்கள் சண்டை பிடித்து முடிப்பதற்குள் வலை கரைக்கு வந்துவிட்டது. நான் யாரையும் பிடிக்கவில்லை. கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி இழுவைக்கு நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.